இக்கால ஓவியமும் நம் ஊரும்

சோழமண்டலம் என்னும் பெயரைக் கேட்டால் நம்மனோர்க்கு நினைவில் எழுவது காவிரி பாயும் வயல்நாடு. அந்நாட்டின் கடைமடையில், திருவாரூர்க்கும் நாகைக்கும் இடையே புகைவண்டி நின்று செல்லும் சிற்றூராகிய கீழ்வேளூரில் பிறந்து வளர்ந்தவன் யான். ஆயினும், சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சோழமண்டலம் என்னும் பெயராலேயே ஓவியர் சிற்றூர் ஒன்று உண்டு என்பதையும், அது 1966-ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கர் என்னும் ஓவியப் பேராசான் தம் மாணாக்கரோடும் நண்பரோடும் கூடி அமைத்தது என்பதையும் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். நம் நாட்டின் பெயர் அங்கே இருக்க, நம் நாட்டில் அக்கலை இல்லையே என்னும் ஏக்கம் அன்று தோன்றிற்று. அவ்வேக்கம் முற்றும் சரியன்று எனப் பின்னர்க் கண்டேன். கண்டதையும், அதனால் கொண்ட கருத்தையும் நம் கல்லூரி அன்பர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று கூறிவிடுதல் நன்று. யான் ஓவியம் கற்றவனல்லேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன். நேரான கோடு ஒன்றும் என் கையில் வாராது. காண்பதில் ஆர்வம் உடையேன், அவ்வளவே. அறியாதவன் ஓவியத்தைப் பற்றி எழுதலாமோ என வினவுவார்க்குப் பரிபாடல் விடை கூறும். திருப்பரங்குன்றத்தைப் பாடும் 19-ஆம் பாடலில் நப்பண்ணனார் ஓர் அரிய காட்சியைக் காட்டுகின்றார். குன்றத்தைச் சார்ந்த ஓவிய மண்டபத்தில் மக்கள் குழுமி நிற்கின்றனர். சுவரில் உள்ள உருவங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் எனச் சிலர் கேட்கின்றனர். இரதி, காமன், அகலிகை என அறிந்தோர் விடை கூறுகின்றனர். அக்கூட்டத்தில் நின்றவர் ஓவியரும் புலவரும் மட்டும் அல்லர். மலைக்கு வழிபட வந்த பொதுமக்கள். அறியாதார் கேட்டனர், அறிந்தார் சொல்லினர், ஒருவரும் நாணினாரில்லை. ஓவியம் காணும் முறையைத் தமிழர் அன்றே வகுத்துக்கொண்டனர் என்பேன்.

அம்முறை இன்று எங்கே போயிற்று? சென்ற கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தேன். இக்கால ஓவியங்கள் வைத்திருந்த ஒரு கூடத்தின் வாயிலில் நின்றேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ந்த காற்று, வெள்ளைச் சுவர். வாயிற்காவலர் என்னையும் என் செருப்பையும் ஒருமுறை நோக்கி, “யாரைப் பார்க்க வேண்டும்?” என்றார். படம் பார்க்க வந்தேன் என்று சொல்ல என் நா எழவில்லை. “ஒருவரையும் இல்லை” என்று மெல்லச் சொல்லித் திரும்பிவிட்டேன். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை, தடையும் இல்லை, அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை. பரிபாடலிற் கண்ட கூட்டத்தின் வழிவந்த யான், ஒரே ஒரு வினாவிற்கு அஞ்சி ஓடினேன். பேருந்து நிலையம் சேரும்வரை என்மீதே எனக்குச் சினம் தணியவில்லை.

ஊர் திரும்பியதும் இதனை என் தாய்மாமனிடம் கூறினேன். அவர் பெயர்ப்பலகை எழுதுபவர். ஒரு காலத்தில் கீழ்வேளூர், சிக்கல், தேவூர்ப் பக்கங்களில் அவர் எழுதாத கடைப்பலகை இல்லை எனலாம். கட்சிச் சின்னம், ஆலயச் சுவரில் திருவசனம், லாரியின் பின்புறத்துத் தாமரை, திருமண வீட்டு வரவேற்புத் தட்டி ஆகிய யாவும் அவர் கையால் ஆயின. பின்னர் ‘பிளக்ஸ்’ பதாகை வந்தது. அவர் இரண்டு நாள் எழுதுவதைப் பொறி ஒரு நாழிகையில் அச்சிட்டுத் தந்தது. இப்பொழுது நாகைத் துறைமுகத்தில் மீன்பிடி படகுகளுக்குப் பச்சை வண்ணம் பூசி, பெயரும் எண்ணும் எழுதிப் பிழைக்கின்றார். அவர் என் கதையைக் கேட்டுச் சிரித்து, “படம் பாக்கப் போனவன் படத்தைப் பாக்காம வாட்ச்மேனைப் பாத்துட்டு வந்திருக்கே மாப்பிள்ளை” என்றார்.

அதன் பின் ஒருநாள், நூலகத்தினின்று எடுத்து வந்த ஒரு புத்தகத்தில் பணிக்கரின் ஓவியம் ஒன்றை அவர்க்குக் காட்டினேன். 1963-ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைச் சேர்ந்தது அது. சாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணக்குக் குறிகள், சிறு உருவங்கள், இவற்றினிடையே வரிவரியாக எழுத்துகள். அவை எழுத்துப் போலத் தோன்றுமேயன்றிப் படிக்க வாரா. யானோ அவை யாது கூறுகின்றன என அரை மணி நேரம் முயன்று தோற்றிருந்தேன். மாமன் அவ்வாறு முயலவே இல்லை. வெகுநேரம் உற்று நோக்கி, ஒரு வளைவின்மேல் விரலை வைத்து, “இந்தக் கை அவசரப்படலை, பாரு. எழுத்துன்னா படிக்க மட்டுமா? பாக்கவுந்தான்” என்றார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர், யான் எத்துணை நூல் புரட்டியும் பெறாத திறவுகோலை ஒரு நொடியில் எடுத்துத் தந்தார். நாள்தோறும் எழுத்தின் உடலைத் தொட்டு வாழ்ந்தவர்க்கு அவ்வோவியம் அயலாகத் தோன்றவில்லை.

அன்றுதான் நம் ஊரில் ஓவியம் இல்லை என்னும் என் எண்ணம் தளர்ந்தது. தேடத் தொடங்கினேன். கும்பகோணத்தில் 1887-ஆம் ஆண்டில் தோன்றிய சித்திரப் பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. கோயிற் சிற்பியர் மரபில் தோன்றிய வித்யாசங்கர் ஸ்தபதி அங்கே ஆசிரியராக இருந்தவர். முன்னோர் கல்லிலும் வார்ப்பிலும் கண்ட தெய்வ வடிவங்களை உலோகத் தகட்டில் புது முறையில் அமைத்தவர். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த கே. எம். ஆதிமூலம் கருமைக் கோடுகளாலேயே காந்தியடிகளையும் அரசர்களையும் வரைந்து புகழ் பெற்றார். தமிழ் நூல்களின் தலைப்பெழுத்துகளுக்கும் புதுவடிவம் தந்தார். வண்ணம் தீட்டாத கோட்டுருவை நம் நெடுநல்வாடை புனையா ஓவியம் எனக் குறிக்கின்றது. அச்சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் பெற்ற நாம், அப்பொருளை நம் காலத்திலேயே வரைந்து 2008-இல் மறைந்த ஒருவரை அறியாதிருத்தல் நகைப்பிற்குரியதன்றோ?

மாமனும் யானும் திருவாரூர் சென்று பேருந்து மாறிக் கும்பகோணம் போனோம். ஓவியம் பயிலும் இளைஞர் சிலர் தம் படங்களை ஒரு கூடத்தில் தொங்கவிட்டிருந்தனர். குளிர்காற்று இல்லை, மின்விசிறி ஒன்று சுழன்றது. ஓர் ஆளுயரத் தாளில், கொள்முதல் நிலையத்தின் முன் மழையில் நனையும் நெல் மூட்டைகளை ஒரு மாணவி கரிக்கோலால் வரைந்திருந்தார். நம் பக்கத்தில் அறுவடைக் காலத்து மழையை அறிந்தோர்க்கு அப்படத்தின்முன் விளக்கம் வேண்டுவதில்லை. என் தொண்டை அடைத்தது. மாமனோ கூச்சமின்றி உரத்த குரலில் கேள்விமேல் கேள்வி கேட்டார். பின்னர், “தார்ப்பாய் மேல கட்டின கயிறு இப்படித் தொய்யாதும்மா, காத்துக்கு விறைச்சு நிக்கும்” என்றார். அம்மாணவி சினங்கொள்ளவில்லை, தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பரிபாடலின் மண்டபம் மீண்டும் எழுந்ததெனக் கண்டேன். ஒரு வேறுபாடு: இங்கே காண வந்தவரும் ஓவியர்க்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். நம் வயலையும் மழையையும் வரையும் ஓவியத்திற்கு நாமே தகுந்த பார்வையாளர்; நாம் போகாவிடின் அவ்வோவியம் பாதியே ஆகும்.

இக்கால ஓவியத்தை வெறுப்போர் கூறும் தடைகள் மூன்று. அவை விளங்கவில்லை என்பது முதலாவது. சங்கப் பாடல் நமக்கு முதற் பார்வையில் விளங்கிற்றா? ஓர் ஆசிரியர் உரைத்தார். நச்சினார்க்கினியர் முதலியோர் உரை உதவிற்று. பலநாள் படித்த பின் இனித்தது. நெடுநல்வாடைக்கு ஒரு பருவம் முழுதும் தரும் நாம், ஒரு படத்தின்முன் ஒரு நிமிடம் நிற்பதற்குள் பொறுமை இழத்தல் முறையன்று.

அவை மேனாட்டுச் சரக்கு என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. சென்னை ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் ஆங்கில அரசின் மருத்துவர். அதற்கு இந்தியர் ஒருவர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி, தலைவரானது 1929-இல் தான். அயலாரைக் கண்மூடிப் பின்பற்றிய படங்களும் உள. அவற்றை யான் போற்றேன். ஆயினும், தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் நினைவாகச் சரபோசி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம் இலண்டன் நகரத்து ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. நோயுற்றுக் கிடக்கும் ஆசானை மன்னர் காண வந்த காட்சி அதில் உளது. அன்று அதுவே இக்காலக் கலை, அயல்நாட்டுக் கலை. இன்று அது தஞ்சையின் செல்வம். பெரிய கோயிற் சுவரையும் நோக்குக. சோழர் கால ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தார் தம் காலத்து ஓவியத்தைத் தீட்டினர். 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறியும்வரை, கீழிருந்தது உலகிற்குத் தெரியாது. அச்சுவர் ஒன்றே இரண்டு ‘இக்காலங்களை’த் தாங்கி நிற்கின்றது. நம் காலத்திற்கு மட்டும் ஒரு சுவர் வேண்டாவோ?

வயிற்றுப்பாட்டிற்கு உதவாது என்பது மூன்றாவது தடை. இதனை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலாது. என் மாமனின் தூரிகைகள் உலர்ந்து கிடப்பதைக் கண்டவன் யான். ஈஞ்சம்பாக்கத்து ஓவியரும் இக்கவலையை அறிந்தே இருந்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வூதியத்தால் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கி, அங்கே தமக்கு வீடும் பணிக்கூடமும் அமைத்துக்கொண்டனர். பகலில் கைவினை சோறிட்டது; எஞ்சிய பொழுதில் ஓவியம் வளர்ந்தது. ஆகவே, கலை சோறிடுமா என்பதன்று கேள்வி; கலைஞர் ஒருவரையொருவர் தாங்குவரா, ஊரார் அவரைத் தாங்குவரா என்பதே கேள்வி.

இனி, என் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிப்பேன். கீழ்வேளூர் வட்டத்திலேயே கீழ்வெண்மணி உளது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் சிறுவரும், ஒரு குடிசையில் அடைபட்டு எரிக்கப்பட்டனர். கிறிஸ்து பிறந்த நாளின் பாடல்கள் நம் ஆலயங்களில் அடங்கிய அதே இரவு. இந்திரா பார்த்தசாரதி அதனைக் ‘குருதிப்புனல்’ என நாவலாக்கினார். 1977-இல் சாகித்திய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. நாம் அந்நாவலைப் பாடமாகப் படித்துப் பேசுகின்றோம். ஆனால், என் ஊர்ப் பள்ளியிலோ, நம் கல்லூரியிலோ, யான் சென்ற ஆலயத்திலோ அவ்விரவை நினைவூட்டும் ஓர் ஓவியத்தையும் யான் கண்டதில்லை. நம் சுவர்களில் ஆல்ப்ஸ் மலையும் அருவியும் அச்சிட்ட படங்களாகத் தொங்குகின்றன. சிலுவையின் துயரத்தை எஸ். தனபால் போன்ற சென்னைச் சிற்பிகள் தம் மண்ணின் முகத்தோடு வடித்துக் காட்டினர். பக்கத்து ஊரின் துயரத்தை நம் சுவர் அறியாதிருத்தல் அழகோ? இனிய காட்சியை மட்டும் கலையெனக் கொள்வோர்க்கு, நம் நாட்டின் பாதியே கண்ணிற்படும்.

ஆதலின் நம் கல்லூரியாரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஆண்டுக்கொரு முறை நம் மாணவர் கும்பகோணத்திற்கும் தஞ்சைக்கும் சென்று, பழைய ஓவியத்தையும் புதிய ஓவியத்தையும் ஒரே நாளில் கண்டு வருதல் வேண்டும். நூலகத்தின் ஒரு சுவரை ஒழித்து, இக்காவிரி நாட்டில் இன்று வாழும் ஓவியர் ஒருவரின் படத்தை அங்கே தொங்கவிட்டு, அதன்முன் எவரும் எதையும் கேட்கலாம் என அறிவித்தல் வேண்டும். மூன்றாவது மிகச் சிறிது: அடுத்த ஆண்டு விழாவிற்குப் பிளக்ஸ் பதாகையை விடுத்து, கையால் எழுதிய பலகை ஒன்றை வைத்தல் வேண்டும். இம்மூன்றாவதில் உறவின் பற்று கலந்திருப்பதை மறைக்கமாட்டேன். எனினும், எழுத்தை அழகுறத் தீட்டும் கைகள் நம் வட்டத்தில் இன்னும் சிலவே உள. அக்கைகளிடம் கற்க இளைஞர் ஒருவரும் வருவதில்லை. அவை ஓய்ந்தபின் அவற்றைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதினும், இன்றே ஒரு பலகை எழுதச் சொல்லுதல் மேல்.

யானும் ஒரு கடமை ஏற்றுள்ளேன். வரும் விடுமுறையில் அதே சென்னைக் கூடத்திற்குச் செல்வேன்; மாமனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். வாயிற்காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், படம் பார்க்க வந்தோம் என்பேன். அவர்க்கு நேரம் இருப்பின், எங்களோடு உள்ளே வருமாறு அவரையும் அழைப்பேன்.