எறும்பு மொய்க்காத நீரிழிவு

சரக சம்ஹிதையில் ஒரு விதி உண்டு. நோயாளியின் உடலைக் கண்ணால் கண்டும், குரலைச் செவியால் கேட்டும், வாடையை மூக்கால் முகர்ந்தும், மேனியைக் கையால் தொட்டும் வைத்தியர் ஆராயவேண்டும். சுவையை மட்டும் தம் நாவால் அறியலாகாது, ஊகித்தே அறியவேண்டும். அதற்கு வழியும் சொல்கிறது. மேனியில் ஈ மொய்த்தால் உடலில் இனிப்பு மிகுந்துள்ளது; பேன்கள் விட்டகன்றால் உடலின் சுவை கெட்டுவிட்டது. பிரமேகம் வருமுன் தோன்றும் குறிகளுள், எறும்புகள் சிறுநீரை நாடுவதையும் அந்நூல் சேர்க்கிறது. கருவி ஏதுமற்ற காலத்தில் இத்துணை நுட்பமாக நோக்கியவர்களை வியக்காமல் இருக்க இயலாது.

ஆயினும் வியப்பு வேறு, சிகிச்சை வேறு. இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பெரும்பாலோர்க்கு அது சிறுநீரில் இறங்குகிறது. வெறும் வயிற்றில் 126ஐ எட்டினாலே, மறுமுறையும் சோதித்து, நீரிழிவு என உறுதி செய்கிறோம். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நோயாளியை எறும்பு காட்டிக்கொடுக்காது.

நாடி பார்த்தாயிற்று, சர்க்கரை இறங்கிவிட்டது என்று எவரேனும் கூறக் கேட்டு மாத்திரையை நிறுத்துவோரும் உளர். துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் விரல் உணரும். சர்க்கரையின் அளவை உணராது. நாடியே ஆயுர்வேதத்தின் ஆதிமுறை என்பதும் சரியன்று. சரகரும் சுசுருதரும் அதனைத் தனித் தேர்வாக விரிக்கவில்லை. பின்னாளில் எழுந்த சாரங்கதர சம்ஹிதையிலேயே அது விளக்கம் பெறுகிறது. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடி எட்டனுள் ஒன்றே.

சுசுருதர் கூறும் ஆறு வழிகளில் ஐந்து, பொறிகளுக்கு உரியவை, ஆறாவது, வினவுதல். என் கருத்தில் இன்றளவும் தேயாதது அதுவே. உறக்கத்தில் மூச்சு எவ்வாறு இருந்தது, கால் எப்போது வீங்கியது, உணவில் வெறுப்பு என்று தொடங்கியது என்பவற்றை உடனிருந்து கண்டவர் நீங்களே. எந்தக் கருவியும் அன்று. மருத்துவர் வினவும்போது தயங்காது சொல்லுங்கள். அருந்தும் கஷாயம், லேகியம், பஸ்பம் எவையெவை என்பதையும் மறைக்காதீர்கள்; எவரும் கடிந்துகொள்ளமாட்டார். (கடிந்துகொண்டால் குற்றம் எம்முடையது.)

மூக்கையும் பயன்படுத்துங்கள். நீரிழிவு நோயாளியின் மூச்சில் பழவாடை வீசி, வாந்தியும் விரைந்த மூச்சும் சோர்வும் சேர்ந்தால், பொழுது விடியட்டும் எனக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.