ஒலிபெருக்கி மூலம்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். ஒலிபெருக்கி மூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த யந்திரம் அவர்கள் காலத்தில் இல்லை. இருந்திருந்தால், "இதன் மூலத்தை மட்டும் பாராமல் வாங்காதே" என்று ஒரு விதிவிலக்குச் செய்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பழைய ஒலிபெருக்கிகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் மேல்நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குள்ள பெரிய சங்கடம், ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதுதான். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும் இரண்டில், ஒன்றுக்குச் சாதாரண விலை. மற்றொன்றுக்கு அதைப் போலப் பன்மடங்கு விலை. வியாபாரி எதைச் சொன்னாலும் தலையசைக்கிறவர் நஷ்டப்படுவார் என்று சொல்லவும் வேண்டுமோ?

இந்த உருவ ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 1925-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் ஓர் ஒலிபெருக்கி அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு காந்தம், அதனிடையே அசையும் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு, இவற்றைத் தாங்கும் உலோகச் சட்டம்: இவ்வளவுதான். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியையே பின்பற்றினார்கள். ஆகவே ஜாடை ஒன்றாயிருப்பதில் ஆச்சரியமில்லை.

போதாக்குறைக்கு, பெயர்ப் பலகையும் நம்மை ஏமாற்றும். கிதார் வாத்தியத்துக்கும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் பிரசித்தமான ஃபெண்டர் ஸ்தாபனம், பெட்டிக்குள் வைக்கும் ஒலிபெருக்கிகளை ஜென்ஸன், ஆக்ஸ்ஃபோர்டு, யூட்டா, ஸி.டி.எஸ். முதலிய வேறு ஆலைகளிலிருந்து வாங்கியே பொருத்தி வந்தது. ஸியர்ஸ் என்ற பெரிய வியாபார ஸ்தாபனம் "ஸில்வர்டோன்" என்று பெயரிட்டு விற்ற சாமான்களையும் பிறரே செய்து கொடுத்தார்கள். வெளியே ஒரு பெயர். உள்ளே வேறொரு பிறப்பு.

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? இங்கேதான் ஒரு சின்ன எண் நமக்குக் கை கொடுக்கிறது. அமெரிக்க ஆலைக்காரர்கள் தங்கள் சங்கத்தின் ஏற்பாட்டின்படி, ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் இலக்கம் வைத்துக்கொண்டார்கள். ஜென்ஸனுக்கு 220, ஸி.டி.எஸ்.ஸுக்கு 137, ரோலாவுக்கு 285, யூட்டாவுக்கு 328, ஆக்ஸ்ஃபோர்டுக்கு 465. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பையன்களுக்கு எண் கொடுப்பது போலத்தான். அந்த எண்ணையடுத்து வருஷமும், அதையடுத்து வாரமும் உலோகச் சட்டத்தில் பதிக்கப்படும்.

உதாரணமாக, 220632 என்று ஒரு சட்டத்தில் கண்டால், 220 ஜென்ஸன், 6 வருஷத்தின் கடைசி இலக்கம், 32 வாரம். அதாவது ஆகஸ்டு மாதத்தில் பிறந்தது. ஆனால் எந்த ஆகஸ்டு? 1946-ஆ, 1956-ஆ, 1966-ஆ? ஜோசியர் இங்கே சற்றுத் திணறித்தான் போவார்.

இதற்குக் காந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். ஜென்ஸன் ஆலையின் பெயரீட்டில், பி12ஆர் என்பதில் உள்ள 'பி' அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்தையும், ஸி12என் என்பதில் உள்ள 'ஸி' பீங்கான் போன்ற ஃபெர்ரைட் காந்தத்தையும் குறிக்கும். நடுவிலுள்ள 12 அங்குல அளவு. அந்த ஃபெர்ரைட் வகைக் காந்தம் 1950-க்குப் பிறகே வழக்கத்துக்கு வந்தது. ஆகையால் 'ஸி' எழுத்துள்ளது 1946-இல் பிறந்திருக்க முடியாது.

மிச்சமுள்ள சந்தேகத்தைப் பெட்டியே தீர்த்து வைக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் முதுகிலும் இதே மாதிரி எண் உண்டு. அதில் 1376618 என்றிருந்தால், ஸி.டி.எஸ். ஆலையில் 1966-ஆம் வருஷம் 18-ஆவது வாரம் செய்தது. அந்தப் பெட்டி அதற்கு முன்னால் தயாராகியிருக்க நியாயமில்லை. திருகும் ஒலிபெருக்கியும் ஆதியில் வைத்தவைதாமா என்பதையும் பார்க்க வேண்டும். ஈயப் பற்று கலையாமல் பழையதாகவே இருந்தால் நம்பலாம். புதிதாகப் பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கிழிந்த கூம்பை மாற்றி வேறு கூம்பு ஒட்டினாலும் சட்டத்து எண் மாறாது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. எண் சட்டத்தின் வயதைச் சொல்லும்; கூம்பின் வயதைச் சொல்லாது.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். 1970-களில் பி.பி.ஸி. ஒலிபரப்பு ஸ்தாபனம், வெளியிடங்களுக்குப் போகும் தன் வண்டிகளில் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய பெட்டியை வகுத்தது. உயரம் ஓர் அடி. அதைச் செய்ய ராஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய பல ஸ்தாபனங்களுக்கு அநுமதி அளித்தது. பெயர்கள் பல, வடிவம் ஒன்று. உள்ளேயுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளும் கே.இ.எஃப். ஆலையில் செய்தவை. ஆகவே இங்கே பெயரைவிட, பின்பக்கத்துச் சீட்டில் எழுதிய மின்தடைதான் முக்கியம். 15 ஓம் என்றிருந்தால் முந்திய காலத்தது. 11 ஓம் என்றிருந்தால் 1980-களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ செய்தது. இரண்டு பெட்டிகளின் தொடர் எண்களும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று செத்துப்போய், வேறொன்றைத் துணை சேர்த்து விற்பதும் உண்டு.

இந்தக் காலத்தில் பழைய பெயர்களுக்கு மறுபிறவியும் கிடைத்திருக்கிறது. சிகாகோ நகரத்து ஜென்ஸனின் பெயரும் உருவமும் கொண்ட கிதார் ஒலிபெருக்கிகளை இப்போது இத்தாலியில் செய்கிறார்கள். அவற்றைப் புதியவை என்று சொல்லியே விற்கிறார்கள், அதில் குற்றமில்லை. அதையே தூசி படியவைத்துப் பழையது என்று இரண்டாவது கையில் விற்கிறவரிடம்தான் குற்றமெல்லாம்.

மேலே ஒட்டிய சீட்டை எவரும் கிழித்து மாற்றிவிடலாம். ஆலையில் யாரோ ஒரு தொழிலாளி, தன் கணக்குக்காக ஒரு வாரத்தில் பதித்த ஆறு இலக்கங்களை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. ஆகவே நேயர்கள் பழைய சாமான் எதை வாங்கப் போனாலும், முகப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணுவதற்கு முன்னால், தயவுசெய்து அதைத் திருப்பி முதுகைப் பார்த்துவிடுங்கள்.