"நாளையிலேர்ந்து தொடமாட்டேன்"

சென்ற வியாழக்கிழமை இரவு, பத்து மணிக்கு மேல் ஒரு வாசகி அழைத்தார். கிள்ளான் பக்கம். வழக்கமாக அந்த நேரத்தில் வரும் அழைப்புகளில் அழுகைதான் இருக்கும். இவர் குரலில் சந்தோஷம்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் மனசு மாறிட்டாரு. சாமி படத்துக்கு முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டாரு. நாளையிலேர்ந்து ஒரு சொட்டுகூட தொடமாட்டாராம்."

எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாம். தினமுமா? தினமும்தான். "காலையில கொஞ்சம் உள்ளே போனாத்தான் கை நடுக்கம் நிக்கும்."

"அப்படின்னா நாளைக்கே நிறுத்த வேணாம்மா. முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. குடியை விட்டுவிடு என்று பல வாரமாக இந்தப் பக்கத்தில் எழுதி வருபவள் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது? என் அண்ணன் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் லோரி ஓட்டுநர். அப்பா காலத்தில் தோட்டத்தில் சம்சு. அண்ணன் காலத்தில் பெட்டிக்கடையில் வாங்கும் மலிவு விலை மது. பெயர்தான் மாறியது. ஓர் ஆடி மாதம், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கோயிலில் கயிறும் கட்டிக்கொண்டார். அன்று வீட்டில் பாயசம்.

முதல் நாள் வியர்வை, நடுக்கம், வாந்தி. "விஷம் இறங்குது, நல்லதுதான்" என்றார் பெரியப்பா. இரண்டாம் நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் இரவு அண்ணன் சுவரிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். பூச்சியாம். இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்று கத்தினார். அம்மா திருநீறு பூசினார். பெரியப்பா பூசாரியை அழைத்துவர மோட்டாரை எடுத்தார். நான் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு வந்தவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா. ஓய்வுபெற்ற தாதி. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியாக எப்போது குடித்தார்?" அதுவரை எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. பூசாரி வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பில், மூளை மதுவின் மந்தத்தை எதிர்த்து எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே இருக்கும். மதுவைத் திடீரென எடுத்துவிட்டால் அந்த முடுக்கத்தைத் தடுக்க எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். குடிக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனால் காலையில் கை நடுங்குகிறவருக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கும் ஆபத்து அதிகம்.

மருத்துவமனையில் டயஸிபாம் வகை மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். அந்தச் சத்து குறைந்தால் ஞாபகசக்தியே நிரந்தரமாகக் கெட்டுவிடுமாம். இந்த மருந்துகளை யாரோ சொன்னார்கள் என்று நீங்களே வாங்கிக் கொடுக்கக்கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

கோயிலையோ கயிற்றையோ நான் குறை சொல்லவில்லை. அண்ணன் கையில் இன்றும் கயிறு இருக்கிறது. டாக்டரையும் பார்த்துவிட்டு அதைக் கட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு மாதம் கழித்து ஒரு கல்யாண விருந்தில், "ஒண்ணே ஒண்ணு, மச்சான்" என்று ஒரு சொந்தக்காரர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் மறுபடி தொடங்கினார். என்னைக் கேட்டால் இந்த வியாதியில் பாதி நம் கல்யாண மண்டபங்களின் கார் நிறுத்துமிடத்தில்தான் இருக்கிறது.

இந்த முறை மாறியவர் அண்ணி. அதுவரை அண்ணன் எழ முடியாத நாள்களில் முதலாளிக்கு அழைத்து, "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்பவர் அண்ணிதான். எம்.சி. வாங்க கிளினிக்குக்கு அலைவதும், கடை பாக்கியைத் தன் சம்பளத்தில் அடைப்பதும் அவர்தான். நானும் யோக்கியம் இல்லை. "பெட்ரோலுக்கு" என்று கேட்கும்போதெல்லாம் 50 ரிங்கிட் கொடுத்தேன். அது எந்தப் பெட்ரோல் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி ஒரு காலை, அண்ணன் தெளிவாக இருந்த நேரம் பார்த்து, சண்டை போடாமல் சொன்னார்: "இனிமே உங்க முதலாளிக்கு நீங்களே போன் பண்ணுங்க. கடைக்காரருக்கு நீங்களே பதில் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குன்னா எந்த நேரமும் நான் கூட வர்றேன்." என் அம்மாவுக்கு அது கல் நெஞ்சாகப் பட்டது. மருமகளோடு இரண்டு மாதம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அண்ணனே "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். எல்லா வீட்டிலும் இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். கணவர் கை நீட்டுகிற வீடாக இருந்தால், முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எங்கே போவது என்று பலர் கேட்கிறீர்கள். அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், 999. மனம் உடைந்து பேச ஆள் இல்லாதபோது சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன, கட்டணம் இல்லை. குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனோன் என்ற அமைப்பும் உண்டு. அண்ணி அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த முதல் நாள், "நம்ம வீட்டுக் கதையைச் சீனக்காரம்மா ஒருத்தர் அப்படியே சொல்றாங்க" என்று ஆச்சரியப்பட்டார்.

திங்கட்கிழமை காலை அந்தக் கிள்ளான் சகோதரி புலனத்தில் செய்தி அனுப்பினார். கிளினிக்கில் எண் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம், கணவரும் பக்கத்தில். ஒரே சந்தேகம்: "டாக்டர் கேட்டா எவ்வளவு குடிக்கிறாருன்னு முழுசா சொல்லணுமா, கொஞ்சம் குறைச்சு சொல்லலாமா? வெக்கமா இருக்கு, அக்கா."

முழுசா சொல்லுங்க, அதை வெச்சுத்தான் மருந்து அளவே என்று பதில் போட்டேன்.