சோபாவுக்கு மறதி, வீட்டுக்கு ஞாபகம்

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய நுகர்வோர் கடன் சட்டநெறி நடைமுறைக்கு வரும் நாள் 2026 நவம்பர் 20. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு 'மறக்கப்படும் உரிமை' கிடைத்துவிட்டதென்று அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட என்ன இருக்கிறது? சிகிச்சை முடிந்து 15 ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்க இந்தச் சட்டநெறி இடம் தருகிறது. அதன் பிறகே காப்புறுதி நிறுவனம் பழைய நோயைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அந்தச் சலுகையும் நுகர்வோர் கடனோடு ஒட்டிய காப்புறுதிக்கு மட்டும்தான். வீட்டை ஈடுவைத்து எடுக்கும் கடன் இதற்குள் வராது. சோபா வாங்கினால் நோயை மறப்பார்கள். அதைப் போட வீடு வாங்கினால் ஞாபகம் வந்துவிடும்.

ஒன்றியத்தில் சேராத நோர்வேக்கு இத்தகைய சட்டங்கள் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் வழியாகவே வந்து சேரும். வந்தாலும் பாட்ஸ்பியோர்டில் இருப்பவருக்கு என்ன பயன்? பேரன்ட்ஸ் கடலோரத்தில் ஈராயிரம் பேரளவில் வாழும் மீன்பிடி ஊர் அது. எண்பதுகளிலிருந்தே நம்மவர்கள் அவ்வூர் இருக்கும் பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டி, அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 5 லட்சம் குரோனர், மீதிக் கடன் 20 லட்சம். நோய் கண்டால் ஓராண்டுக்கு முழுச் சம்பளம் வரும். 52 வாரம் முடிந்ததும் நோர்வேயின் நலன்புரி நிறுவனமான 'நாவ்' தரும் உதவித்தொகை 66 விழுக்காடு, அதாவது 3,30,000. கடன் வருமானத்தின் ஐந்து மடங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. 25 லட்சம் வரை கடன் பெறத் தகுதியாக இருந்தவர் 16.5 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறார். இருக்கிற கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது விதி கொஞ்சம் நெகிழலாம். ஆனால் புதிய வங்கி அவரை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2021 செப்டம்பர் வரை பூச்சியமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 டிசம்பரில் 4.5 விழுக்காட்டைத் தொட்டது. அரை விழுக்காடு குறைத்துத் தரும் வங்கிக்கு மாறினால் 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10,000 குரோனர் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார். கதிர்ச் சிகிச்சைக்கு ட்ரொம்சோவுக்கு விமானம் ஏறி இறங்கும் இவருக்கோ அந்தப் பணம் இன்னும் அதிகம் தேவை. ஆனால் பழைய வங்கி வழியாக எடுத்த கடன் காப்புறுதி, கடன் மாறியதும் முடிந்துபோகலாம். புதிதாக எடுக்கப் போனால் சுகநலப் படிவம் வருகிறது. புற்றுநோய் இருந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். 'ஆம்' கட்டத்தின் மேல் பேனை நிற்கிறது. எதிரே மனைவி. இவர் போன பிறகு கடனைக் கட்டப்போகிறவர் அவர்தான்.

"ஆபத்துக்கு விலைபோடுவதுதானே காப்புறுதி" என்று காப்புறுதிக் கணிப்பாளர்கள் சொல்வார்கள். நோயாளிகள் மட்டும் வரிசையில் வந்து நின்றால் நிறுவனம் திவாலாகும் என்பார்கள். வயிறு நிறைந்தவர் பசியைப் பற்றிப் பேசும் பேச்சு இது!

பாரிஸைப் பாருங்கள். 2022இல் பிரான்ஸ் கொண்டுவந்த லெமுவான் சட்டம் புற்றுநோய்க்கான காத்திருப்பை 10 ஆண்டுகளிலிருந்து 5 ஆக்கியது. அதைவிடப் பெரிய விடயம் இன்னொன்று. ஒருவரின் காப்புறுதிப் பங்கு இரண்டு லட்சம் யூரோவுக்குள் இருந்து, 60 வயதுக்கு முன் கடன் முடியுமானால் சுகநலக் கேள்வியே கேட்கக்கூடாது. கணவனும் மனைவியும் பாதிப் பாதியாக எடுத்தால் நான்கு லட்சம் வரை படிவம் இல்லை. காப்புறுதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஐந்தாண்டு காத்திருப்பு மீண்டவருக்கே உதவும். நேற்று நோய் கண்டவருக்கு உதவுவது படிவமே இல்லாத இந்த முறைதான். பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் தமிழருக்கு இருக்கும் உரிமை, பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தமிழருக்கு ஏன் இல்லை? நலன்புரி அரசு என்று உலகெங்கும் மார்தட்டும் நோர்வேக்கு இது வெட்கக்கேடு. பிரெஞ்சுச் சட்டத்தை ஒஸ்லோ நாடாளுமன்றம் அப்படியே எடுத்துக்கொண்டால் போதும், பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதுவரை ஒரு வார்த்தை. வேலையை விட்டு விலகினால், தொழிற்சாலையின் குழு ஆயுள் காப்புறுதியைப் புதிய சுகநலக் கேள்வி இல்லாமல் தனியாகத் தொடர நோர்வேச் சட்டம் வழி தருகிறது, காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். வட்டி எவ்வளவு குறைந்தாலும், புதிய காப்புறுதி எழுத்தில் கைக்கு வரும்வரை பழையதை நிறுத்தக் கையெழுத்துப் போடாதீர்கள்.