நீங்கள் கேட்டவை: ஏரிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

''கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள். படகு, நீச்சல், தூண்டில் மூன்றும் வேண்டும் என்கிறார்கள். இந்த முறை எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. அதிலேயே இறக்கிவிடலாமா, வெளியே அழைத்துப் போவதா?''
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

மூன்றும் ஒரே ஏரியில் கிடைப்பது அரிது. படகுக்கு ஓர் இடம், நீச்சலுக்கு ஓர் இடம், தூண்டிலுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

படகுக்கு உங்கள் பகுதியிலிருந்து ஏலகிரி மலையின் புங்கனூர் ஏரிப் பூங்கா ஒருநாள் பயணம்தான். ஏற்காடு ஏரியிலும் படகு இல்லம் உண்டு. எங்கே போனாலும் லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகே பிள்ளைகளைப் படகில் ஏற்ற வேண்டும். மாட்டினால் போதாது, வார்களையும் இறுக்கிக் கட்ட வேண்டும். பிள்ளையின் அளவுக்கு இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் கழன்று மேலே போய்விடும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18-ல் குஜராத் மாநிலம் வதோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். பலருக்கு ஜாக்கெட் இல்லை. கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் நஷ்டமில்லை. படகு நகர்ந்த பிறகு போட்டோவுக்காக எழுந்து நிற்பதும், எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் கூடாது.

அடுத்து, ஊர் ஏரி. 'நாங்கள் நீந்திப் பழகிய ஏரிதானே' என்று நம்பித்தான் பெரியவர்கள் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். ஏரி அதேதான், அதன் தரை அன்று இருந்ததுபோல இல்லை. 2017-ல் குடிமராமத்துப் பணிகள் தொடங்கியபோது, வயலுக்கு இலவசமாக வண்டல் மண் அள்ளவும் அனுமதி கிடைத்தது. வயலுக்கு நல்லதுதான். ஆனால், பொக்லைன் தோண்டிய இடங்களில் பள்ளம் சரிவாக இல்லாமல் செங்குத்தாக நிற்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆளை முழுக்கும் ஆழத்தில் விழுந்துவிடும். அடியில் களிமண் என்றால் கால் புதைந்துபோகும். தண்ணீர் நிறைந்த பிறகு இந்தப் பள்ளம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால், மண் அள்ளிய ஏரியில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். மதகுப் பக்கமும், கலங்கல் பக்கமும் எந்தக் காலத்திலும் இறக்கக் கூடாது. ஏரி வற்றும்போது பிள்ளைகளை உள்ளே நடத்திக் கூட்டிப்போய், பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். கண்ணால் பார்த்த பள்ளம் மறக்காது.

நீச்சல் பழக, படிக்கட்டு உள்ள கிணறு போதும். மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் மேலே பிடித்திருக்க, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில் இருக்க வேண்டும். சுரைக்குடுக்கையோ, காற்றடித்த டியூபோ பழகுவதற்கு மட்டும்தான். அதை நம்பிப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பம்புசெட் தொட்டியே ஏரிதான். அங்கேயும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீரில் தத்தளிப்பவர் பெரும்பாலும் கூச்சல் போட மாட்டார்; மூச்சுக்கே திணறும்போது குரல் வராது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கும் கதை ஊருக்கு ஊர் உண்டு. கயிறு, மூங்கில் கழி, வேட்டி, புடவை, மூடிய காலி கேன் என எது கிடைத்தாலும் கரையிலிருந்து வீசுங்கள். வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு கொடுத்து, இதையே விடாமல் தொடர வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும்.

''ஏரியில் தூண்டில் போட யாரிடம் கேட்க வேண்டும்?''
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் குஞ்சு விட்டு வளர்த்த மீன் அது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பிள்ளைகளின் ஒற்றைத் தூண்டிலுக்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார். யார் குத்தகைதாரர் என்பது ஊராட்சி அலுவலகத்தில் தெரியும். வலை போடக் கூடாது.

மண்புழு கோத்தால் கெளுத்தியும் விராலும், மாவு உருண்டைக்குக் கெண்டையும் ஜிலேபியும் கடிக்கும். மீசை நீண்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால், அதை உயிரோடு கொண்டுபோய் உங்கள் கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விட்டுவிடாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும். அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போடாமல் எடுத்து வந்துவிடுங்கள். மேயவரும் ஆடு, மாடுகளின் வாயிலும் குளம்பிலும் அவை மாட்டிக்கொள்ளும்.