எவ்வளவு கடன் என்று கேளுங்கள்

ஆண்களும் மனம்விட்டு அழ வேண்டும் என்கிறார்கள். அழட்டும். ஆனால் நம்மூர் ஆண்கள் அழாதவர்களா என்ன? இழவு வீட்டில் அழுவார்கள், மகளை மறுவீட்டுக்கு அனுப்பும்போது அழுவார்கள், இரண்டு ரவுண்டு உள்ளே போனால் பக்கத்து மேசைக்காரர் தோளிலும் அழுவார்கள். வாயில் வராதது ஒன்றுதான்: கணக்கு. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி.

வேலை போன பிறகும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். "ஏங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றார் மனைவி. "ஒண்ணுமில்ல, கேஸ்." அவரும் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். தூக்கம் கெடுவது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, குடி கூடுவது என்று வேறு வேஷத்திலும் இந்தச் சொல்லாத கவலை வரும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் தினக்கூலிகள். காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினைக்குத்தான் முதலிடம். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை கடன் ஒளிந்திருக்கிறதோ!

மனசைத் திறந்தால் வட்டி குறையுமா என்று தினக்கூலிக்காரர் கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அதில் புகார் கொடுக்கவும் யாராவது முதலில் வாய் திறக்க வேண்டுமே. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று வளர்த்துவிட்டோம். லட்சணம் போனதை எந்த வாயால் சொல்வது?

பெண்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. வட்டமாக உட்கார்ந்து, யார் எவ்வளவு வாங்கினார், யாருக்குத் தவணை நிற்கிறது என்று எல்லோர் முன்னாலும் பேசுகிறார்கள். அங்கும் அவமானம் உண்டு, சண்டை உண்டு. ஆனாலும் கடன் ரகசியமில்லை.

ஆண்களுக்கு இருப்பது ஏலச்சீட்டு. அதில் ஒருவன் எக்கச்சக்கத் தள்ளுக்குச் சீட்டை எடுத்தால், 'மாப்ளைக்கு என்னமோ அவசரம்' என்று சிரித்துவிட்டுக் கலைகிறோம். அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போய், எவ்வளவு மாட்டியிருக்கே என்று கேட்கலாம். யாரைக் கேட்டு வாங்கினே என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. அத்தோடு வாய் பூட்டிக்கொள்ளும். பேச்சு சாவின் பக்கம் திரும்பினால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.