‘இயன்ற வரை’ என்றால் எதுவரை?

உயிர் காக்கும் மருந்தைத் தருவோம் என்று சட்டம் இயற்றுகிறார்கள். அதே சட்டத்தில், தராமல் தப்பித்துக்கொள்ள ஒரு சந்தும் வைக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்காக நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றிய சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பாருங்கள். பரிசோதனை வசதியும் மருந்தும் மத்திய, மாநில அரசுகள் வழங்குமாம், ‘இயன்ற வரை’! எதுவரை இயலும்? கஜானா இடம் தரும் வரையா? கொள்முதல் கோப்பு மேசைவிட்டு மேசை நகரும் வரையா?

கிருமி அதுவரை காத்திருக்குமா? மருந்து அதனை அடக்குகிறதேயன்றி அடியோடு அழிப்பதில்லை. உடலின் அணுக்களுக்குள்ளே அது பதுங்கிக் கிடக்கிறது. நாள்தோறும் மருந்துண்பவர் நெடுங்காலம் நலமுடன் வாழலாம். சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கியிருக்கும் வரை, உடலுறவால் பிறருக்குத் தொற்றுவதுமில்லை. நிறுத்தினாலோ, பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே அது தலைதூக்கும். விட்டுவிட்டு உண்டால், அம்மருந்துக்கே அடங்காத வலிமையும் பெறக்கூடும். இதில் அரைகுறைக் கருணைக்கு இடமேது?

இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மூன்று மருந்துகளைக் கூட்டித் தரும் சிகிச்சை 1996இல் வந்தபோது, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை கூறினர் மேனாட்டு முதலாளிகள். 2001இல் சிப்லா என்னும் இந்திய நிறுவனம், ஏழை நாடுகளில் தொண்டாற்றும் மருத்துவர்களுக்கு அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்து இங்கே விளைந்தது. இந்நாட்டு ஏழைக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதோ 2004 ஏப்ரல் முதல் நாள், தாம்பரம் உள்ளிட்ட ஒருசில மருத்துவமனைகளில்! ‘இயலாது’ என்று கணக்குப் பார்த்த அந்த மூன்றாண்டுகளில் மாண்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2022இலும் கண்டோம். மருந்து கிட்டவில்லையென்று, தொற்றுடன் வாழ்வோரே டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாயிலில் வாரக்கணக்கில் அமர்ந்து போராடினர். போதிய கையிருப்பு உண்டென்றது அரசு. கிடங்கிலே இருந்து, வரிசையில் நிற்பவர் கைக்கு எட்டாத மருந்து, இருப்பா, இன்மையா?

“ஒழுக்கம் தவறியோருக்கு ஊரார் வரிப்பணமா?” என்று கேட்போரும் உளர். தாயின் வயிற்றிலேயே தொற்றுப் பெற்ற குழந்தை எந்த ஒழுக்கத்தைத் தவறவிட்டது? நோயாளியின் நடத்தைக்குச் சான்றிதழ் கேட்பது மருத்துவமன்று, மமதை!

நாம் கேட்பது பிச்சையன்று. வாழ்நாள் முழுதும் தடையின்றி மருந்து பெறும் உரிமை. ‘இயன்ற வரை’ என்னும் சொற்கள் சட்டத்தினின்று நீக்கப்பட வேண்டும். அதுவரை, உங்கள் மாவட்டத்து மருந்து மையத்தில் இருப்பு உண்டா, கிருமி அளவுச் சோதனை காலத்தே நடக்கிறதா என்று கேளுங்கள், விடாது கேளுங்கள். நாம் ஓய்ந்தால், கோப்பும் உறங்கிவிடும்!